சாம்பலும் புளியும் கலந்த கை

எங்க வீட்டு பாத்ரூம் கதவுல தாழ்ப்பாள் இருந்த இடத்துல இப்போ நாலு ஆணி ஓட்டை மட்டும்தான் இருக்கு. தாழ்ப்பாளை உடைச்சது நான்தான். 2020 மே மாசம், கொரோனா ஊரடங்கு நேரம். அதுக்கப்புறம் வேற தாழ்ப்பாள் போடல. உள்ள ஆள் இருந்தா வாசல்ல ஒரு சிவப்பு வாளியை வைக்கணும். வர்ற விருந்தாளிங்க கொஞ்சம் முழிப்பாங்க, அப்புறம் பழகிடுவாங்க.

நமக்கு ஊர் திருவேற்காடுன்னு ஏற்கெனவே எழுதியிருக்கேன். கருமாரியம்மன் கோயிலுக்கு வந்தவங்களுக்கு ஊர் தெரியும். ஆனா கூவம் கரைப் பக்கம் இன்னும் கொஞ்சம் கழனி மிச்சம் இருக்குன்னு அவங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியாது. அதுல ஒண்ணரை ஏக்கர் நம்முது. கீரை, வெண்டை, கத்தரி, மழை நல்லா இருந்தா ஒரு போகம் நெல். விளைஞ்சதை கோயம்பேட்டுக்குக் கொண்டு போறதுதான் வழக்கம். 2020 மே 5-ஆம் தேதி கோயம்பேடு மார்க்கெட்டை மூடிட்டாங்க. அங்கிருந்துதான் ஊர் ஊரா நோய் பரவுதுன்னு பேச்சு. ஒரு வாரத்துக்குள்ள பூந்தமல்லி தாண்டி திருமழிசையில தற்காலிக மார்க்கெட் போட்டாங்க. எங்களுக்குத் தூரம் குறைஞ்சுது, பயம் கூடிச்சு. விடிகாலையில சரக்கை இறக்கிட்டு வந்தா, வாசல்லயே என்னை நிக்க வச்சு, செருப்பு, கூடை, சாக்கு, குட்டியானை வண்டியோட பின்கதவுன்னு எல்லாத்தையும் பிளீச்சிங் பவுடர் தண்ணியால கழுவுவாங்க எங்க வீட்டுக்காரம்மா.

அந்தப் பிளீச்சிங் பவுடர் வாளி எங்க வீட்டுக்கு வந்தது 2015 டிசம்பர் வெள்ளத்துல. கூவம் ரெண்டு கரையையும் முட்டிக்கிட்டு ஓடின வருஷம். தண்ணி வடிஞ்சதும் தெருத்தெருவா பவுடரைக் கொட்டினாங்க. நாங்களும் கிணத்துக்குன்னு ஒரு வாளி வாங்கினோம். வெள்ளம் போச்சு, வாளி போகல.

ஆசிட் கதை வேற. சைக்கிள்ல கேனைக் கட்டிக்கிட்டு "ஆசிட்டேய், பினாயிலேய்"னு ஒருத்தர் வருவார். நீங்க அம்பத்தூர், ஆவடி, போரூர் எங்க இருந்தாலும் அந்தக் குரலைக் கேட்டிருப்பீங்க. காலி பாட்டிலை நாமதான் குடுக்கணும். அன்னிக்கு நான் குடுத்தது ஒரு லிட்டர் தண்ணி பாட்டில். அதுமேல இருந்த ஒரே எழுத்து குடிநீர் கம்பெனி பேருதான். வாங்கி வந்து பாத்ரூம் ஜன்னல்ல வச்சவன் நான். இதை முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா நடந்ததைச் சொல்லும்போது யாரோ பொம்பளை தெரியாம பண்ணிட்டாங்கன்னு நீங்க நினைச்சுடக் கூடாது.

பகல் பதினொரு மணி இருக்கும். பிளீச்சிங் பவுடரைக் குழைச்சு தரை முழுக்கத் தேய்ச்சு ஊற விட்டிருக்காங்க. உப்புத் தண்ணி ஊருங்க இது, தரையில மஞ்சக் கறை போகவே போகாது. அதுக்கு ஆசிட் ஊத்தினா என்னன்னு தோணியிருக்கு. பேரன் உள்ள ஓடி வந்துடக் கூடாதுன்னு கதவைத் தாழ் போட்டிருக்காங்க. ஊத்தினதும் பொஸ்ஸுனு ஒரு சத்தம், பச்சையும் மஞ்சளுமா ஒரு புகை. கண்ணு எரிஞ்சிருக்கு. மூச்சு முட்டி, தலை சுத்தி, அப்படியே தரையில உக்காந்துட்டாங்க.

திண்ணையில இருந்த எங்கம்மாதான் கேட்டாங்க. "டேய், மருமவ இருமுறா பாரு, அது இருமலாட்டம் இல்ல." நான் போய் கதவைத் தள்ளினேன். திறக்கல. தோளால ரெண்டு இடி, மூணாவது இடிக்குத் தாழ்ப்பாள் பேந்துக்கிட்டு வந்துது. அந்த நாத்தம் மூஞ்சில அறைஞ்சுது. தோள்துண்டால மூக்கைக் கட்டிக்கிட்டு இழுத்து வெளிய போட்டேன். உதடு ஒரு மாதிரி நிறம் மாறியிருந்துது. வெண்டைக்காய்க் கூடைக்கு நடுவுல குட்டியானையில படுக்க வச்சு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்க போனா, இருமுற ஆளைப் பார்த்ததும் எல்லாரும் ரெண்டடி பின்னால போறாங்க. அந்த மாசத்துல இருமல்னா ஒரே அர்த்தம்தானே. தப்பு சொல்ல முடியாது. வயசுல சின்ன டாக்டர் ஒருத்தர் மட்டும் கிட்ட வந்தார். சேலையை மோந்து பார்த்துட்டு முதல் கேள்வியே, "வீட்டைக் கழுவினீங்களா?"

ஆக்சிஜன் வச்சாங்க. மூணாம் நாள் வீட்டுக்கு வந்தாங்க. இப்பவும் மார்கழிப் பனியில இருமல் வரும். வந்தா, ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்க மாட்டோம்.

அன்னிக்கு ராத்திரி எங்கம்மா கேட்டாங்க. அவங்களுக்கு எண்பது வயசு. "ரெண்டு பொருளைச் சேத்தாத்தானேடா அழுக்குப் போவும்? நான் காலமெல்லாம் அப்படித்தானே தேச்சேன்?" எனக்குப் பதில் தெரியல. பதினோராம் கிளாஸோட நின்னவன் நான். கெமிஸ்ட்ரி வாத்தியார் சொன்னது எதுவும் மண்டையில நிக்கல. ஊரடங்குல வேலையும் கம்மி. படிக்க ஆரம்பிச்சேன். அம்மா கேட்ட அந்தக் கேள்விக்குள்ளயே ஒரு பெரிய சரித்திரம் இருக்குன்னு அப்புறம்தான் புரிஞ்சுது.

அம்மா கை எப்படிப்பட்டதுன்னு முதல்ல சொல்லணும். வெண்கலப் பானை, பித்தளைச் செம்புக்குப் புளியும் சாம்பலும். ரொம்பக் கறுத்துப் போச்சுன்னா செங்கல் பொடி. தேய்க்கத் தேங்காய் நார். எண்ணெய்ப் பிசுக்குக்குச் சாம்பல். தலைக்குச் சீயக்காயோட வெந்தயம், பூலாங்கிழங்கு. வாசலுக்குச் சாணி. அம்மை கண்ட வீட்டுக்கு மஞ்சத்தண்ணியும் வேப்பிலையும், கருமாரி ஊர்ல இதைச் சொல்லித் தர வேண்டியதில்ல. எல்லாமே கலவைதான். கண்ணளவு, கையளவு. எதை எதோட சேர்த்தாலும் மிஞ்சி மிஞ்சிப் போனா கை வெடிக்கும், நகக்கண் எரியும். புளி ஒரு அமிலம், சாம்பல் ஒரு காரம்னு இப்போ தெரியுது. ரெண்டும் சேர்ந்தா ஒண்ணோட வேகத்தை இன்னொண்ணு தணிச்சுடும். யாரும் செத்ததில்ல. ஆயிரம் வருஷமா அப்படிக் கலந்து கலந்து, "கலந்தா நல்லது"ன்னு கைக்கே ஒரு புத்தி வந்துடுச்சு. அந்தக் கைதான் 2020-ல பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் கலந்தது.

பிளீச்சிங் பவுடரோட பூர்வீகம் துணி வெளுக்கிற தொழில். அந்தக் காலத்துல நெசவுத் துணி தறியிலிருந்து வரும்போது பழுப்பா இருக்கும். நம்ம பக்கம் வண்ணார்கள் உவர்மண் போட்டு, வெள்ளாவி வச்சு, வெயில்ல காயப்போட்டு வெளுப்பாங்க. கிழக்கிந்தியக் கம்பெனி மெட்ராஸ்ல துணி வாங்கி ஏற்றுமதி பண்ணினப்போ, அதை வெளுத்துக் குடுக்கக் குடி வந்தவங்களாலதான் வண்ணாரப்பேட்டைக்கே அந்தப் பேரு. ஐரோப்பாவுல வெயில் கம்மி. அங்க புல்வெளியில துணியை மாசக்கணக்குல விரிச்சு, புளிச்ச மோர்ல ஊற வச்சு வெளுத்தாங்க. மில்லு வந்து துணி மலைமலையாக் குவிஞ்சதும் அந்த வேகம் பத்தல.

இதுக்கு நடுவுல 1774-ல ஸ்வீடன் நாட்டுல கார்ல் ஷீலேன்னு ஒரு மருந்துக்கடைக்காரர். ஒரு மாங்கனீசுக் கல்லு மேல அவர் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டை ஊத்திப் பார்த்தார். பச்சையும் மஞ்சளுமா மூச்சை அடைக்கிற ஒரு காத்து வந்துது. அதுல வச்ச பூவும் இலையும் வெளுத்துப் போச்சு. 1810-ல ஹம்ப்ரி டேவி அதுக்குக் குளோரின்னு பேர் வச்சார், கிரேக்க மொழியில அந்த வெளிர்பச்சை நிறத்தைக் குறிக்கிற சொல்லாம். வெளுக்கிற காத்து கிடைச்சாச்சு, ஆனா காத்தை எப்படி மூட்டை கட்டி விக்கிறது? அதுக்கு வழி கண்டது ஸ்காட்லாந்து கிளாஸ்கோ நகரத்துல சார்ல்ஸ் டென்னன்ட். நீர்த்த சுண்ணாம்புல அந்தக் காத்தை ஏத்தினார். சுண்ணாம்பு அதைக் குடிச்சு வெள்ளைப் பவுடரா நின்னுது. 1799-ல காப்புரிமை. மாசக்கணக்கு வேலை நாள் கணக்குல முடிஞ்சுது.

இதைப் படிச்சப்போதான் எனக்கு மயிர்க் கூச்செரிஞ்சுது. பிளீச்சிங் பவுடர்ங்கிறது சுண்ணாம்புக்குள்ள பூட்டி வச்ச குளோரின். ஆசிட்தான் அந்தப் பூட்டுக்குச் சாவி. எங்க பாத்ரூம்ல நடந்தது ஷீலே பண்ணின அதே வேலைதான். அவருக்கு மாங்கனீசுக் கல்லு, எங்களுக்குப் பிளீச்சிங் பவுடர். ஆசிட் ரெண்டு பேருக்கும் ஒண்ணே. 1915 ஏப்ரல் 22-ஆம் தேதி பெல்ஜியத்துல ஈப்பர்ங்கிற ஊர்கிட்ட, ஜெர்மன் ராணுவம் 150 டன்னுக்கு மேல இதே காத்தைச் சிலிண்டர்லேருந்து திறந்து விட்டு எதிரிப் படையைச் சாய்ச்சுது. பதுங்குகுழியில இருந்தவங்க தப்ப முடியல, ஏன்னா குளோரின் சாதாரணக் காத்தை விட ரெண்டரை மடங்கு கனம். பள்ளத்தைத் தேடித்தான் போகும். என் வீட்டுக்காரம்மா தலை சுத்துதுன்னு தரையில உக்காந்தாங்களே, அந்தப் புகை முழுக்க அங்கதான் உக்காந்திருந்துது. மயக்கம் வந்தா கீழ உக்காருன்னுதான் நம்ம எல்லாருக்கும் சொல்லிக் குடுத்திருக்காங்க. இந்தப் புகையில மட்டும் அது தப்பு. நின்னபடியே, மூக்கைப் பொத்திக்கிட்டு வெளிய வந்துடணும். கதவு ஜன்னலைத் திறந்து விட்டுட்டு உள்ள திரும்பிப் போகக் கூடாது, கலவையைக் கொட்டுறேன் கழுவுறேன்னு போனாக்கூட.

பவுடரைத் திட்டறேன்னு நினைக்காதீங்க. 1847-ல வியன்னா நகரத்துப் பிரசவ ஆஸ்பத்திரியில இக்னாஸ் செம்மல்வைஸ்னு ஒரு டாக்டர், பிரசவம் பார்க்கிறவங்க இந்தப் பவுடர்த் தண்ணியில கை கழுவியே ஆகணும்னு சட்டம் போட்டார். நூத்துக்குப் பத்துக்கு மேல செத்துக்கிட்டிருந்த தாய்மாருங்க, சில மாசத்துல நூத்துக்கு ரெண்டுன்னு குறைஞ்சாங்க. 1908-ல அமெரிக்காவுல ஜெர்சி நகரத்துக் குடிதண்ணியிலயே இதைக் கலக்க ஆரம்பிச்சாங்க. இன்னிக்கு ஊர் ஊரா குழாய்த் தண்ணியில வர்ற அந்த லேசான வாடை அதோட பேரப்பிள்ளைதான். கிணத்துக்குப் போடறதுன்னா ஆயிரம் லிட்டருக்கு ரெண்டரை கிராம் நல்ல பவுடர் போதும்னு கணக்கு. ரெண்டரை கிராம்! வெள்ளத்தப்போ நாங்க சொம்பு சொம்பாப் போட்டுட்டு, வாந்தி வருது வாந்தி வருதுன்னு கார்ப்பரேஷன் தண்ணியைத் திட்டினோம்.

அளவு தெரியாததும் அந்தப் பழைய கைதான். சாணியைக் கிராம்லயா அளந்தோம்?

சாணின்னதும் மேற்கு மாவட்டத்துல நடந்த ஒரு கதையைச் சொல்லணும். என்னை ரொம்ப உலுக்கின கதை அது. எங்க பக்கம் பசு போனதும் சாணி போச்சு. சிமென்ட் வாசல் வந்துது, வெறும் தண்ணி தெளிச்சுக் கோலம் போட்டோம், முடிஞ்சுது. கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு பக்கம் அப்படி விடல. வாசல் பச்சையா இருந்தாத்தான் வீடு வீடா இருக்கும்னு அவங்களுக்கு ஒரு பிடிப்பு. சாணி கிடைக்காம போனப்போ கடையில "சாணிப் பவுடர்"னு ஒண்ணு வந்துது. ஒரு சிட்டிகை, ஒரு வாளித் தண்ணி, வாசல் முழுக்கப் பளிச்சுனு பச்சை. பேருதான் சாணி. உள்ள இருந்தது துணிக்கும் தோலுக்கும் போடற தொழிற்சாலைச் சாயம். மஞ்சப் பவுடர்னா ஆரமின், பச்சைப் பவுடர்னா மாலகைட் கிரீன். உள்ள போனா மூளையையும் ஈரலையும் தாக்குற விஷம். அதை என்ன பண்ணினாங்க? சாணியை எப்படிக் கரைச்சாங்களோ அப்படியே வெறுங்கையால கரைச்சாங்க. சாணியை எப்படித் திண்ணை ஓரத்துல வச்சாங்களோ அப்படியே பொட்டலத்தைப் பிள்ளைங்க எட்டுற இடத்துல வச்சாங்க. அந்த ஊர் ஆஸ்பத்திரிகளுக்கு வருஷா வருஷம் அதைச் சாப்பிட்டவங்க வந்துக்கிட்டே இருந்தாங்க. தெரியாம சாப்பிட்ட குழந்தைங்களும் உண்டு, மனசு ஒடிஞ்சவங்களும் உண்டு. 2022-ல சுகாதாரத்துறை அமைச்சர் மா. சுப்பிரமணியன் அதுக்குத் தடைன்னு அறிவிச்சார். ஒரு மாடு வீட்டை விட்டுப் போனதுக்கு இப்படி ஒரு விலை இருக்கும்னு எந்த விவசாயியும் நினைச்சிருக்க மாட்டான்.

அதுக்காக, பழசெல்லாம் அமிர்தம்னு எழுத எனக்கு மனசு வரல. எங்க ஆயாவுக்குப் பிறந்த பிள்ளைங்கள்ல ரெண்டு பேர் பத்து நாள் தாண்டல. "சன்னி கண்டு போச்சு"ன்னு மட்டும் சொல்லுவாங்க. தொப்புள்கொடி அறுத்த இடத்துல சாணியும் சாம்பலும் அப்புற வழக்கம் அன்னிக்கு இருந்துது. சாணியில வில்வாத ஜன்னிக் கிருமி இருக்கும்னு யாருக்குத் தெரியும்? தாய்க்குத் தடுப்பூசி, ஆஸ்பத்திரிப் பிரசவம், சுத்தமான பிளேடுன்னு படிப்படியா வந்து, 2015-லதான் பச்சைக் குழந்தைகளுக்கு வர்ற அந்த ஜன்னி இந்தியாவுல ஒழிஞ்சதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லிச்சு. வாசலுக்கு நல்லதா இருந்த அதே சாணி, தொப்புளுக்கு எமன்.

மண்ணெண்ணெய் எங்க தலைமுறைக் கதை. ரேஷன்ல நீல நிறத்துல வரும். மூட்டைப்பூச்சிக்குக் கட்டில் சந்துல அதைத்தான் விடுவோம், சைக்கிள் செயின் துடைக்க அதுதான். வச்சிருந்தது எதுல? கோலி சோடா பாட்டில், மருந்து பாட்டில், சில வீட்ல தண்ணிச் சொம்புலயே. எண்ணெய் வாங்கப் போகும்போது கைக்கு எந்தப் பாட்டில் கிடைச்சுதோ அது. நல்லெண்ணெயும் விளக்கெண்ணெயும் அப்படித்தானே வாங்கினோம். வெயில்ல விளையாடி வர்ற பிள்ளை, தாகத்துல எடுத்து ஒரே மடக்கு. என் சேக்காளி ஒருத்தன் தம்பி அப்படிக் குடிச்சுட்டான். பெரியவங்க உப்புத் தண்ணி குடுத்து வாந்தி எடுக்க வச்சாங்க. அது பெரிய தப்புன்னு இப்போ தெரியுது. வயித்துல இருக்கிறதை விட, வாந்தியில நுரையீரலுக்குப் போற மண்ணெண்ணெய்தான் ஆளை அடிக்கும். அவன் பிழைச்சான், ஆனா ஆறு மாசம் நெஞ்சுச் சளி. ஆசிட் குடிச்சாலும் இதேதான், வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. இறங்கும்போது ஒரு தடவை சுட்டது, ஏறும்போது இன்னொரு தடவை சுடும்.

சாப்பாட்டுக்குப் பக்கத்துல விஷத்தை வைக்கிற பழக்கம் வீட்டோட நிக்கல. 1958-ல கேரளாவுலயும் மதராஸ் மாநிலத்துலயும் நூறு பேருக்கு மேல சாப்பாட்டுல விஷம் ஏறிச் செத்தாங்க. விசாரிச்சா, கப்பல்ல கோதுமை மாவோட பாரத்தியான் பூச்சிமருந்தும் ஒண்ணா ஏறி வந்து, மருந்து மாவுல ஒழுகியிருக்கு. அதுக்கப்புறம் வந்ததுதான் 1968 பூச்சிக்கொல்லிச் சட்டம். இன்னிக்கு மருந்து டப்பாவுல சாய்சதுரக் கட்டம் ஒண்ணு இருக்கும், அதோட கீழ்ப்பாதி சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சைன்னு நிறம் போட்டிருக்கும். சிவப்புன்னா கொடிய விஷம். எழுதப் படிக்கத் தெரியாத விவசாயிக்கும் அது புரியும். நான் மருந்தடிக்கும்போது கட்டத்தைப் பார்க்காம மூடியைத் திறக்க மாட்டேன். கழனியில அவ்வளவு ஜாக்கிரதையா இருந்தவன், வீட்டுக்கு மட்டும் தண்ணி பாட்டில்ல ஆசிட் வாங்கி வந்தேன். கழனியில இருந்தாத்தான் மருந்து, பாத்ரூம்ல இருந்தா அது சுத்தம் பண்ற சாமான். இந்தப் பாகுபாடு எப்படி என் மண்டையில ஏறிச்சுன்னு இன்னும் யோசிச்சுக்கிட்டுதான் இருக்கேன். ஆசிட்டைக் கண்டவங்களுக்கும் கடையில சில்லறையா விக்கக் கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட்டு 2013-லயே உத்தரவு போட்டிருக்கு. லட்சுமிங்கிற பொண்ணு, தன் முகத்துல ஆசிட் ஊத்தினதுக்கு நியாயம் கேட்டுப் போட்ட வழக்கு அது. வாங்குறவங்க அடையாள அட்டை காட்டணும், கடைக்காரர் கணக்கு எழுதணும். சைக்கிள்காரர்கிட்ட நான் காட்டினது முப்பது ரூபாயும் ஒரு காலி பாட்டிலும்.

போகிக்கும் இதே கதைதான். பழைய பாய், தேய்ஞ்ச துடைப்பம், கிழிஞ்ச முறம், மக்கின வைக்கோல், இதைத்தான் எங்க காலத்துல கொளுத்தினோம். எல்லாம் மண்ணுல விளைஞ்சது, புகைஞ்சு மண்ணுக்கே போச்சு. இப்போ வீட்ல பழசுன்னா என்ன இருக்கு? டயர், பிளாஸ்டிக் சேர், ரெக்சின் பை. வழக்கத்தை விடல, பொருள் மாறிடுச்சு. 2018 போகி அன்னிக்குச் சென்னையில விமானம் இறங்க முடியாம வேற ஊருக்குத் திருப்பி விட்டாங்க. அன்னிக்குக் காலையில கழனிக்குப் போன எனக்கு, வரப்பு தெரியல.

கடைசியா ஒண்ணு. 2024 நவம்பர்ல எங்களுக்குப் பக்கத்து ஊர் குன்றத்தூர்ல ஒரு அடுக்குமாடி வீடு. எலித் தொல்லைன்னு ஒரு கம்பெனிக்காரங்களை வரவழைச்சு மருந்து வச்சிருக்காங்க. ராத்திரி கதவு ஜன்னலைச் சாத்தி, ஏசி போட்டுப் படுத்திருக்காங்க. விடிஞ்சா குடும்பமே ஆஸ்பத்திரியில. ரெண்டு குழந்தைங்க இல்ல. சேதியைக் கேட்ட அன்னிக்கு ராத்திரி நான் தூங்கல. ஓட்டு வீட்லயும் எலி இருந்துது, நாங்களும் மருந்து வச்சிருக்கோம். ஆனா ஓட்டு சந்து வழியா காத்து வரும், போகும். நிலா வெளிச்சமே தரையில விழும் அந்த வீட்ல. சந்தே இல்லாத வீடு கட்டத் தெரிஞ்சுக்கிட்டோம், அந்த வீட்டுக்கு ஏத்த மாதிரி இருக்கத் தெரிஞ்சுக்கல. அந்தத் தாய் தகப்பன் மேல ஒரு சொல்லு சொல்ல எனக்கு வாய் வராது. கதவைச் சாத்திட்டுப் படுக்கிறதுதானே பத்திரம்னு இவ்வளவு நாளா இருந்துது.

இப்போ எங்க வீட்ல பிளீச்சிங் பவுடர் இருக்கு. மூடி போட்ட டப்பாவுல, ஈரம் படாம, மாட்டுக்கொட்டாய் இருந்த அறையில. ஆசிட் இல்ல. மஞ்சக் கறை அப்படியேதான் இருக்கு, இருந்துட்டுப் போகட்டும்னு விட்டாச்சு. கடையில வாங்குற டாய்லெட் லிக்விடும் பெரும்பாலும் ஆசிட்தான்னு டாக்டர் சொன்னதால, அது ஒரு வாரம்னா பவுடர் இன்னொரு வாரம். ஒண்ணைப் போட்ட அன்னிக்கு இன்னொண்ணு அந்த அறைக்குள்ளயே வராது. எலுமிச்சம்பழமும் வினிகரும்கூட பவுடரோட சேரக் கூடாது, அதுவும் அமிலம்தான். எதையும் வேற பாட்டில்ல ஊத்தி வைக்கிறதில்ல. விளக்குக்கு மட்டும் அம்மா இன்னும் புளியும் சாம்பலும்தான். சாம்பலுக்கு எங்க போறாங்கன்னா, தெருமுனை டீக்கடை விறகடுப்புக்கு.

போன வாரம் அந்த சைக்கிள்காரர் திரும்பவும் வந்தார். வயசாகிடுச்சு அவருக்கும், கேனைக் கட்டின கயிறெல்லாம் ஆசிட் பட்டு இத்துப் போயிருக்கு, கை விரல் நுனி வெள்ளையா உரிஞ்சிருக்கு. வீட்டுக்காரம்மா வாசலுக்குப் போய் நின்னாங்க.

"அண்ணே, இதைத் தனியா ஊத்துறதா, கூட எதுனா சேக்கலாமா?"

"அது உங்க இஷ்டம்மா. பிளீச்சிங் பவுடர் கொஞ்சம் தூவிட்டு அதும்மேல ஊத்துங்க, சும்மா பொங்கிக்கிட்டு வரும், கறை இன்னா ஆச்சுன்னே தெரியாது."

வீட்டுக்காரம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. அப்புறம் அவர்கிட்ட, "சைக்கிளுக்கு ஸ்டாண்ட் போடுண்ணே. உள்ள வந்து உக்காரு, மோர் தரேன். ஒரு சேதி சொல்லணும்"னாங்க. அவர் யோசிச்சுக்கிட்டே ஸ்டாண்ட் போட்டார். பாத்ரூம் கதவைத் திறந்து, அந்த நாலு ஓட்டையைத்தான் முதல்ல காட்டினாங்க.